மூன்றாம் தரத்துக்குப் பிறகு

காய்கறிச் சந்தையில் என் பெரியம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வெண்கலம் என்பார்கள். வயதில் சிறியவர்கள் வெண்கலக்கா என்பார்கள். முதலில் வெண்கலத் தொண்டை என்றுதான் பெயர் வைத்தார்களாம். முழுதாகக் கூப்பிடச் சோம்பல்பட்டுத் தொண்டையை வெட்டிவிட்டார்கள். அந்தத் தொண்டையில் ஒருநாள் நிஜமாகவே கத்தி வைக்க வேண்டி வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஏலம் கூவுவது அவள் வேலை. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. தரையில் எப்போதும் ஈரமும் மிதிபட்ட கோஸ் இலைகளும். நடுவில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஏறி நிற்பாள். சுற்றிலும் கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள். லாரிகள் பின்வாங்கும் சத்தம், மூட்டை விழும் சத்தம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் சத்தம். அவள் குரல் மட்டும் இவற்றில் எதையும் தொடாமல், மாடியில் தனியாக ஓர் ஆள் நடப்பதுபோல மேலே நடந்து போகும்.

அவள் முதலில் அங்கே தக்காளி பொறுக்கத்தான் போனாள். நல்லது, நசுங்கினது என்று பிரித்துப் போடும் வேலை. ஒருநாள் ஒரு சுமைக்காரர் தெரியாமல் அவள் பிரித்து வைத்த கூடையில் கால் வைத்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில், சந்தையின் மறுகோடி வாசலில் நின்ற ஒரு லாரி டிரைவர் தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று பிரேக் அடித்தாராம். மண்டி முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "அம்மா, அந்த வாயைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டு வாயேன்" என்றார். அன்றிலிருந்து பெட்டி அவளுடையது.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தக் கதை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூவி முடித்ததும் ஏலக்காரர் வாயை மூடிவிட வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டியைப் பிடித்துக் கையை நீட்ட வேண்டும். இதற்குப் பெயர் பூட்டு. வாங்கினவரின் ஆள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும், சுமைக்காரர் அடுத்த கூடையை இறக்கி, "கூடை!" என்று சொல்கிறவரை யாரும் பேசக் கூடாது. பேசினால் பூட்டு உடைந்தது. விற்ற சரக்கு மறுபடி ஏலத்துக்கு வரும். உடைத்தவர்தான் முதல் விலை சொல்ல வேண்டும். அந்த இரைச்சல் காட்டில் இத்துனூண்டு மௌனத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. நூறு பேர் சேர்ந்து ஒரு கணம் வாயை மூடுவதைக் கேட்பதற்கென்றே நான் சில நாள் அங்கே போய் ஓரமாக நின்றிருக்கிறேன்.

பெரியம்மா ஒருநாளும் பூட்டை உடைத்ததில்லை. ஒருமுறை பூட்டின்போது அவள் பாதத்தில் பூசணிக்காய் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாய் திறக்கவில்லை. அடுத்த கூடை வந்த பிறகுதான் "ஐயோ" என்றாளாம். அதையும் ஏல ராகத்திலேயே சொன்னாளாம்.

பெரியப்பா அதற்கு நேர் எதிர். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நேரத்தைச் சரி பண்ணிக் கொடுப்பார்; தான் மட்டும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டார். எந்த இடத்துக்கும் நேர் வழி அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பிடிக்காது.

கழுத்துச் செயின் இறுக்குகிறது என்றுதான் முதலில் ஆரம்பித்தது. "உடம்பு போட்டுட்டேன் போல" என்று செயினைக் கழற்றி வைத்தாள். பிறகு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்று எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். கழுத்தின் இடது பக்கம் எலுமிச்சை அளவில் ஏதோ மேலே ஏறி இறங்கியது. "இந்தா பாரு, யாரோ லிஃப்ட்ல போறாங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சிரிக்கத்தான் செய்தாள். கை மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

சர்ஜன் ஒரு பெண். ஒல்லியானவர். பேசினால் பக்கத்தில் இருப்பவர் காதைச் சாய்க்க வேண்டும். அவர் அறையில் மேஜைமேல் தலையும் கழுத்துமாக ஒரு சுண்ணாம்புப் பொம்மை இருந்தது. பாதி முகத்துக்குத் தோல் இருந்தது, மறுபாதிக்கு இல்லை. ரத்தக் குழாய்கள் சிவப்பு, நரம்புகள் மஞ்சள். ஒரு மஞ்சள் கம்பி எப்போதோ உடைந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் யாரோ நீலக் கம்பளி நூலை ஒட்டியிருந்தார்கள்.

"அம்மா, கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. அதுல இடது றெக்கை வீங்கி, மூச்சுக்குழாயைத் தள்ளுது. எடுத்தாகணும்."

"எடுத்துடுங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பறக்கவா போறேன்?" என்றாள் பெரியம்மா. பிறகு, நாங்கள் யாரும் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். "குரல் இருக்கும்ல?"

சர்ஜன் பொம்மையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார். "நீங்களே பாருங்க. குரலுக்கான நரம்பு இதுதான்" என்று நீல நூலைத் தொட்டுக் காட்டினார். "மூளையிலருந்து ஒரு பெரிய நரம்பு கழுத்து வழியா இறங்குது. குரல்வளை இதோ இங்க இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே போகுது. ஆனா நம்ம ஆளு அங்க இறங்க மாட்டார். அதோட கூடவே நெஞ்சுக்குள்ள போய், அங்க பிரிஞ்சு, இதயத்துலருந்து வர்ற பெரிய ரத்தக்குழாயை ஒரு சுத்து சுத்திட்டு, மறுபடி மேல ஏறி, அப்புறம்தான் குரல்வளைக்கு வர்றார். வர்ற வழி இந்தச் சுரப்பிக்கு நேர் பின்னாடி. நூல் மாதிரி இருக்கும். பட்டுதுன்னா போச்சு."

பெரியம்மா மெதுவாகத் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இந்த ஆள் எங்க வீட்டுல இருக்கார். எதிர்த்த கடையில தீப்பெட்டி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, முக்கு வரைக்கும் போய், அங்க இருக்கற அத்தனை பேர்கிட்டயும் அரட்டை அடிச்சுட்டு, சுத்திக்கிட்டு வருவார்."

"தீப்பெட்டி வந்து சேர்ந்துச்சா இல்லையா?" என்றார் பெரியப்பா.

"சேர்ந்துச்சு. நான் பக்கத்து வீட்டுல தீப்பெட்டி வாங்கி சமைச்சு இறக்கின பிறகு."

சர்ஜனுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு அந்த நரம்புக்குப் பெயர் வீட்டுக்காரர் என்றாகிவிட்டது. "எங்க வீட்டுக்காரரை மட்டும் வெட்டிடாதீங்க டாக்டரம்மா" என்று பெரியம்மா சொல்ல, வெளியில் காத்திருந்த இன்னொரு நோயாளி அரண்டு போய் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் அப்படிச் சுத்துது?" என்று நான்தான் கேட்டேன். அந்த அறையில் நான் பேசிய ஒரே வாக்கியம் அது.

கேள்வி கேட்டால் அந்த சர்ஜனுக்கு நேரம் போவது தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வயிற்றில் கருவாக இருக்கும்போது நமக்குக் கழுத்தே கிடையாதாம். இதயம் தாடைக்குக் கீழேயே துடித்துக்கொண்டிருக்குமாம். அப்போது நரம்பு அந்த ரத்தக்குழாய்க்கு அடியில் புகுந்து நேர் வழியில்தான் போகிறது. பிறகு கழுத்து நீள்கிறது, இதயம் கீழே இறங்குகிறது, குழாயில் மாட்டிக்கொண்ட நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. "ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதைதான். அந்தக் கழுத்து முழுக்க இறங்கி, முழுக்க ஏறுது."

"அதான் அது கத்தி நான் கேட்டதே இல்லை" என்றாள் பெரியம்மா. "பேச்சு வந்து சேர்றதுக்குள்ள சொல்ல வந்தது மறந்திருக்கும்."

பிறகு பன்றிக் கதை வந்தது. ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் ரோமாபுரியில் ஒரு கிரேக்க வைத்தியர் இருந்தாராம். அந்தக் காலத்து அறிஞர்களில் பலபேர், பேச்சு இதயத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று சாதித்துக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு பன்றியைக் கட்டி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அதன் கழுத்தைத் திறந்தார். பன்றி அலறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் இந்த நரம்பை நூலால் கட்டினார். அலறல் நின்றது; கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. நூலை அவிழ்த்தார், குரல் திரும்பி வந்தது. பேச்சுக்கு உத்தரவு மூளையிலிருந்து போகிறது என்று அப்படித்தான் காட்டினாராம்.

"ஆனா டாக்டர், மூளையிலருந்து வந்தாலும் இதயத்தைச் சுத்திட்டுத்தானே வருது?" என்றார் பெரியப்பா. "அப்போ ரெண்டு கட்சியும் பாதி ஜெயிச்சிருக்கு."

பெரியம்மா அதில் எல்லாம் சேரவில்லை. மடியில் இருந்த பொம்மையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "பன்னி பாவம். சத்தம் போன பிறகு அது என்ன சொல்ல வந்துச்சோ" என்றாள்.

அவளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சிறுவயதிலிருந்தே இதயத்தில் ஒரு வால்வு சுருக்கம். முழு மயக்கம் கொடுத்தால் தாங்காது என்று இதய டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சர்ஜன் அதையே வேறு பக்கமாகத் திருப்பிச் சொன்னார். நூறு வருடங்களுக்கு முன்னால் சில சர்ஜன்கள் இந்த ஆபரேஷனைக் கழுத்தை மட்டும் மரத்துப் போகவைத்து, நோயாளியைப் பேசவிட்டுக்கொண்டேதான் செய்தார்களாம். நரம்பின் பக்கம் கை போனால் குரல் கம்மும். உடனே கையை எடுத்துவிடுவார்கள். "அதையே நாமளும் செய்வோம். நான் வெட்டுவேன், நீங்க பேசுவீங்க. உங்க குரல்தான் எனக்கு வழிகாட்டி."

"பேசறது ஒரு வேலையா? அதுக்குத்தானே எனக்குச் சம்பளமே" என்றாள் பெரியம்மா.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அப்படிப் பேசவில்லை. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மண்டி முதலாளி ஒலிபெருக்கி வாங்கி வைத்துவிட்டாராம். அதில் பேசிப் பழக ஒரு பையனையும் பார்த்து வைத்துவிட்டாராம். "அவர் மேல தப்பில்ல. சரக்கு அழுகும்ல. குரல் திரும்பலைன்னா பெட்டி அவனுக்கு. பெட்டியை விட்டு இறங்கினா நான் யாருடா? குள்ளமா, குண்டா ஒரு பொம்பளை. அவ்ளோதானே?"

ஜன்னல் கண்ணாடியில் அவள் மூச்சு ஒரு வட்டம் போட்டு, அழிந்து, மறுபடி போட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சர்ஜன் சந்தைக்கே வந்துவிட்டார். "உங்க குரலோட முழு அளவு தெரியணும். ஆஸ்பத்திரியில நீங்க அடக்கிப் பேசறீங்க" என்றார். செல்போனைப் பதிவில் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கோஸ் இலைகளுக்கு நடுவில் நின்றார். அன்றைக்குப் பெரியம்மா கூவினதுபோல நான் கேட்டதில்லை. தனக்கே ஒரு பிரதி எடுத்து வைப்பதுபோலக் கூவினாள். பூசணிக் கூடை ஒன்று ஓட்டல்காரருக்கு மலிவாக விழுந்தது. மூணு தரம். கட்டைவிரலை மடக்கி முஷ்டியை நீட்டினாள். கொட்டகை அடங்கியது. அந்த மௌனத்துக்குள், அவ்வளவு மெல்லிய குரலில், "எவ்வளவு அழகு!" என்றார் சர்ஜன்.

அத்தனை தலையும் திரும்பியது.

"போச்சு! பூட்டு உடைஞ்சுது!" என்று ஓட்டல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "யாரும்மா நீங்க? நல்லா வந்தீங்க, என் வயித்துல அடிக்க!"

"நான் டாக்டர்…"

"டாக்டரா இருந்தா ஊசி போடுங்க, பூட்டை ஏன் உடைக்கறீங்க? விலை சொல்லுங்க, முதல் விலை உங்களுதுதான்!"

சர்ஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடை தூக்குகிற நெட்டை ஆள் ஒருவர் உண்டு, ஒட்டகம் என்பார்கள். அவர்தான் குனிந்து விதியைச் சொல்லிக் கொடுத்தார். முஷ்டியில் கட்டைவிரல் ஏன் உள்ளே இருக்க வேண்டும், யார் 'கூடை' என்று சொல்ல வேண்டும் என்று சர்ஜன் அவரைத் துருவித் துருவிக் கேட்டார். கேட்டுக்கொண்டே பயத்தில் ஒரு விலையும் சொன்னார். வேடிக்கைக்காக யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு கூடைப் பூசணி அவர் தலையில் விழுந்தது. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வாட்ச்மேன் என்று ஆளுக்கொரு பூசணி எடுத்துப் போனார்கள்.

ஆபரேஷன் அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், பெரியம்மா, மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பெரியம்மா சொன்னதில் அலங்காரம் அதிகம். மூன்றையும் ஒட்டவைத்தால் இப்படி வருகிறது.

கழுத்தில் ஊசிகள் போட்டு மரத்துப் போகவைத்தார்கள். பயம் தெரியாமல் இருக்க, லேசாகக் கிறங்கவைக்கும் மருந்து கொஞ்சம். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் பச்சைத் துணியைத் திரை போலக் கட்டினார்கள். துணிக்கு இந்தப் பக்கம், தலைமாட்டில், குண்டாக ஓர் இளம் மயக்க மருந்து டாக்டர். அவரிடம் பெரியம்மா பெரியப்பாவின் குறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரைப் பார்க்காமலேயே முழுசாத் தெரிஞ்சு போச்சு" என்றார் அவர் என்னிடம் பிறகு.

சுரப்பியைப் பிரித்துப் புரட்டி, நரம்பு இருக்கும் இடத்துக்கு வந்தபோது சர்ஜன் சொன்னார்: "அம்மா, இனிமே கதை வேண்டாம். சிரிச்சா கழுத்து ஆடுது. நிதானமா எண்ணிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

ஏலக்காரியிடம் எண்ணச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, பாதிக் கிறக்கத்தில், அவள் ஆரம்பித்தாள். "ஒரு தரம்…"

குரல் தெளிவாக இருந்தது. சர்ஜன் ஒரு சிறிய ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்தார்.

"ரெண்டு தரம்…"

இடுக்கியை அதன்மேல் வைத்து மூடினார்.

"மூணு தரம்."

அதோடு சரி.

இரண்டு மூச்சு நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். சத்தம் இல்லை. சர்ஜனின் கை நின்ற இடத்தில் நின்றது. "அம்மா?" என்றார். பதில் இல்லை. "அம்மா, எண்ணுங்க. பேசுங்க!" என்று மயக்க மருந்து டாக்டர் குனிந்து காதருகில் சொன்னார். உதடு இறுக மூடியிருந்தது. சர்ஜன் இடுக்கியைத் திறந்து எடுத்தார். அப்படியும் சத்தம் இல்லை.

"என் வாழ்க்கையிலயே அந்த மாதிரி ஒரு மௌனம் கேட்டதில்ல" என்றார் சர்ஜன் என்னிடம். "அந்தப் பன்னி ஞாபகம்தான் வந்துச்சு. நூலை அவிழ்த்தேன், குரல் வரலையேன்னு."

அப்போது மயக்க மருந்து டாக்டர் கத்தினார்: "மேடம், கையை முறுக்கறாங்க! வலிப்பு வருதுன்னு நினைக்கறேன்!" மரத்துப் போகவைக்கும் மருந்து ரத்தத்தில் கலந்துவிட்டால் வலிப்பு வரலாமாம். நர்ஸ் ஊசியை எடுக்க ஓடினார்.

"இருங்க. எந்தக் கை? எப்படி முறுக்கறாங்க?"

"வலது கை. முஷ்டியா மூடி, நீட்டிக்கிட்டு… கட்டைவிரல் உள்ள மடங்கியிருக்கு."

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சர்ஜன், தன்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னார்:

"கூடை!"

உரக்க என்றால் அவர் அளவுக்கு. ஆனால் போதுமாக இருந்தது.

"வந்துச்சு பாரு கோசு! இலை பிரியாத கோசு! கல்லு மாதிரி கோசு! கேளுங்கய்யா விலை!" என்று பெரியம்மா எடுத்தாள் பாருங்கள், பக்கத்து அறையில் வேறு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்களாம். மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சர்ஜன் கையைப் பின்னால் எடுத்து, தோள் குலுங்குவது நிற்கும்வரை காத்திருந்தார்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் மறுபடி ஒருமுறை உள்ளே உற்றுப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் தென்பட்டார். நனைந்த வெள்ளை நூல். அதன் முதுகில், தலைமுடிபோல ஒரு சிவப்புக் கோடு. சர்ஜன் நினைத்த இடத்தில்தான் நரம்பு இருந்தது. ஆனால் அது அங்கே ஒன்றாக இல்லை. குரல்வளைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னாலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. சில பேருக்கு அப்படி இருக்குமாம். பின்பக்கக் கிளை தெரிந்த உடனே அதுதான் முழு நரம்பு என்று அவர் நம்பிவிட்டார். முன்பக்கக் கிளையை வெறும் சவ்வு என்று நினைத்திருந்தார். குரல் நாண்களை அசைப்பது பெரும்பாலும் அந்த முன்கிளைதான்.

"இடுக்கி பிடிச்சது ரத்தக்குழாயைத்தான். அதுல தப்பில்ல" என்றார் சர்ஜன். "அடுத்து வெட்டப் போனது அந்தச் சவ்வை. வெட்டியிருப்பேனா, கடைசி நிமிஷத்துல பார்த்திருப்பேனா? தெரியல. எனக்கே சொல்லத் தெரியல. உங்க பெரியம்மா வாயை மூடினதுக்கும் நரம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அவங்க மூடினதாலதான் நான் நின்னேன்." அதற்குப் பிறகு மீதி ஆபரேஷன் முழுக்க, மூணாவது தரம் வந்ததும் 'கூடை' சொல்வது மயக்க மருந்து டாக்டரின் வேலையாயிற்று. எத்தனை கூடை விற்றது என்று யாரும் எண்ணவில்லை.

"ஏன் பெரியம்மா, அவங்க பேசு பேசுன்னு கெஞ்சும்போது பேசியிருக்கலாம்ல?" என்று வார்டில் கேட்டேன்.

கழுத்தில் கட்டோடு என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பூட்டு விழுந்திருக்குடா" என்றாள்.

குரல் இருந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கரகரத்தது. மேலே ஏறும்போது ஓரத்தில் கிழிந்தது. நரம்பு முழுசாக இருக்கிறது, தொட்டதில் கோபித்துக்கொண்டிருக்கிறது, சமாதானமாக நாளாகும் என்றார் சர்ஜன். எவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, எல்லா வீட்டுக்காரரும் ஒரே மாதிரி இல்லை என்றார். உச்சத்தில் ஒரு துளி திரும்பாமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெரியம்மா சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரங்களுக்கு ஏலம் விட்டுப் பழகினாள். பெரியப்பா அறைக்கு வெளியே கடிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள், "வெண்கலம் கொஞ்சம் பித்தளை ஆயிடுச்சு" என்றாள். "பித்தளையும் நல்ல பாத்திரம்தான்" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

மண்டி முதலாளி ஒருநாள் குறித்துக் கொடுத்தார். ஒரு காலைப் பொழுது கூவிக் காட்டட்டும். கடைசி வரிசைக்குக் கேட்டால் பெட்டி அவளுக்கு. ஒலிபெருக்கியையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பையன் அதன் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் கடைசி வரிசையில் போய் நின்றேன். பெரியப்பா எங்கள் கூடத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். வழியில் எங்கேயோ கழன்றுவிட்டார்.

பெட்டிமேல் ஏறினாள். கழுத்தில் தழும்பு, அந்தப் பழைய செயினைப் போலவே கிடந்தது. வாயைத் திறந்தாள். முதல் சொல் கரகரவென்று வந்தது, யாரோ செருமினார்கள். இரண்டாவது சொல் தகரக் கூரையைத் தொட்டது. மாடியில் நடப்பதுபோல இல்லை இப்போது. படிக்கட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதுபோல இருந்தது. ஆனால் எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் நின்ற தள்ளுவண்டிக்காரருக்கும் கேட்டது. கைதூக்கி விலை சொன்னார். ஓட்டல்காரர் ஏற்றினார். பூசணிக் கூடை மறுபடியும் அவருக்கே.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்.

முஷ்டி நீண்டது. கொட்டகை அடங்கியது. வழக்கத்தைவிட அதிகமாகவே அடங்கியது. இது பூட்டா, அல்லது குரல் நின்றுவிட்டதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. கூடை இறக்க வேண்டிய ஒட்டகம் கூடையை மறந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்வாசல் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்க, ஒரு குரல் வந்தது.

"கூடை!"

பெரியப்பா. கையில் தீப்பெட்டியோ எதுவோ இல்லை; எந்த வழியாகச் சுற்றி வந்தாரோ, முழங்கால்வரை சேறு.

"யோவ் வாட்ச்காரரே, கூடையே இன்னும் இறக்கலைய்யா!" என்றார் ஓட்டல்காரர்.

பெட்டிமேல் நின்ற பெரியம்மா, முஷ்டியை நீட்டியபடியே, பெரியப்பாவைப் பார்த்தாள். பூசணி காலில் விழுந்தபோது திறக்காத வாய் திறந்தது.

"வந்து சேர்ந்தீங்களா?"

கடைசி வரிசைக்கு நன்றாகவே கேட்டது. ஒட்டகம்தான் முதலில் கைதட்டினார். மண்டி முதலாளி குனிந்து ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். அந்தப் பையனுக்கு மூட்டைக் கணக்கு வேலை கிடைத்தது. அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஓட்டல்காரர் மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரி வெண்கலம். வாட்ச்காரர் சொன்னது 'கூடை'தான், அதை விட்டுடலாம். பூட்டை உடைச்சது நீ. முதல் விலை நீதான் சொல்லணும். எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

அவள் வாழ்நாளில் அங்கே எதையும் விலை கேட்டதில்லை. பெட்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தோடு நின்று, கையைத் தூக்கி ஒரு விலை சொன்னாள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

பூசணிக் கூடையைப் பெரியப்பா தோளில் வைத்துக்கொண்டார். வீடு வலது பக்கம். அவர் இடது பக்கம் திரும்பினார்.